ஊசி படாத மடிப்பு

அன்புள்ள சேதுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் வெந்நீர் போட்டேன். காப்பிக்காக இல்லை. உன் அப்பாவின் சாம்பல் நிறக் கால்சராயைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு கால்களின் நுனியையும் வாயகன்ற பித்தளைப் பாத்திரத்தில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஊற்றினேன். ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டியிருந்த பழைய பசை இளகி மடிப்பு தானாக விட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் துணியின் இழையும் கூடவே வந்துவிடும் என்பது உனக்கே தெரியும். ஊறட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பால்காரன் வந்து குரல் கொடுத்தான், எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார் தைத்துத் தரும் சூட்டு வேண்டாம், அப்பாவுடையதையே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்காகப் புதிதாகப் பசை போட்டு வைக்கலாம் என்று எண்ணினேன். மடிப்பு விட்டதும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அங்கே பார்த்ததை இப்போதே எழுதிவிட்டால் மற்றவற்றை எழுத எனக்குத் தெம்பு இருக்காது. அதனால் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். பொறுமையாகப் படி.

எழும்பூரில் ரயில் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பெரியப்பா சொல்றாரேன்னு சரின்னு சொல்லாதேம்மா. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி எழுது. கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றாய். நிற்கட்டும் என்று சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்பதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கூச்சத்தால் நீ என்னிடம் சொல்லவில்லை. பெண் பார்க்க மாம்பலம் போய்த் திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாய், அதிலேயே தெரிந்துபோயிற்று. உன் அப்பாவும் அப்படித்தான். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் மறைக்கத் தெரியும்.

நீ ஊருக்குப் போவதற்கு முதல் நாள் பெரியப்பா வந்து கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பேசியதை நீயும் கேட்டாய். நான் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். அவர் வழக்கம்போல என்னைப் பாராமல் உன்னைப் பார்த்தே பேசினார். "வாத்தியார் கேக்கறார்டா. கல்யாணத்துக்கு முன்னாடி பித்ருக்களைக் கூப்பிடற நாந்தியில யாரைச் சொல்றது? தோப்பனார் இருந்தா ஒரு மாதிரி, இல்லேன்னா ஒரு மாதிரி. இருக்காரோ இல்லையோன்னு ஒரு மந்திரம் கிடையாதாம்." அதற்கு நீ, "அப்படித்தானே பெரியப்பா நாங்க இத்தனை வருஷமா இருக்கோம்?" என்றாய். அவருக்குக் கோபம் வரவில்லை. ஊஞ்சலை நிறுத்திவிட்டு, "அதுக்குத்தான் சாஸ்திரம் பன்னெண்டு வருஷம்னு வெச்சிருக்கு. போனவன் சேதியே இல்லேன்னா அவனைப் போனவனாவே எடுத்துக்கலாம். தர்ப்பையால ஒரு உருவம் பண்ணி, அவனா நெனச்சுண்டு, செய்ய வேண்டியதைச் செஞ்சுடலாம். காரியம் ஆனா ஒரு வருஷம் கல்யாணம் கூடாதுங்கற தீட்டுகூட இதுக்கு வேண்டாம்னு வாத்தியார் சொல்லிட்டார். பன்னெண்டும் ஆயிடுத்து பாரு" என்று சொல்லி, முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே? படிச்சவ. உனக்கு நான் எடுத்துச் சொல்லணுமா?" அவருக்கும் அது தம்பி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு என்று எழுந்து போனார்.

அந்தச் சடங்குக்குப் பத்தாம் நாள் எனக்கு என்ன நடக்கும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். நம் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். நெற்றி, கழுத்து, தலைமயிர் எல்லாம் போகும். தைத்த துணி உடம்பில் படக்கூடாது என்று ரவிக்கையும் போகும். நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் உன் அப்பா இறந்தவர் ஆகிவிடுவார், நான் இன்னொருத்தி ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் உனக்கு மணமேடை இல்லை. இதுதான் இப்போது என் மடியில் இருக்கிறது. கால்சராயைப் பற்றி எழுதத் தொடங்கியவள் எங்கே போகிறாள் என்று நினைக்காதே. எனக்கு இரண்டும் ஒரே விஷயம்.

அந்தச் சூட்டை உன் அப்பா மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய தையல்கடையில் தைத்துக்கொண்டார். மெல்லிய கம்பளித் துணி. வெள்ளைக்காரக் கம்பெனியில் உயர்ந்த உத்தியோகம் ஆனதற்காக. அதுவரை பஞ்சகச்சமும் மூடின கோட்டும் தலைப்பாகையும்தான். முதல் நாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "யார் இந்தக் கனவான்? நம்மாத்துல என்ன வேலை இவனுக்கு?" என்று என்னைக் கேட்டார். நீ அவர் காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அடம்பிடித்தாய். கல்யாணத்துக்குப் பிறகு என்னைக் காலேஜில் சேர்த்தவர் அவர்தான் என்று உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றித் தெருவில் பேசியதையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, தினமும் காலேஜ் வாசல் வரை கூடவே நடந்து வருவார். அப்படிப்பட்டவர் ரங்கூன் கிளைக்குக் கப்பலேறியபோது, அங்கே புழுக்கம், இந்தக் கம்பளி வேண்டாம் என்று சூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். "திரும்பி வந்து போட்டுக்கறேன். அப்படியே வெச்சிரு" என்றார். அவ்வளவுதான். சில மாதங்கள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. கம்பெனியில் கேட்டால், அவராகவே வேலையை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார், அதற்குமேல் தெரியாது என்றார்கள். கப்பலில் போன தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்படியே வை என்றாரல்லவா, நானும் வைத்தேன். உனக்குப் பதின்மூன்றோ பதினாலோ இருக்கும், பள்ளி நாடகத்தில் கலெக்டர் வேஷம் உனக்கு என்று வந்து நின்றாய். சூட்டு வேண்டும். கோட்டின் கைகளைச் சுருட்டிவிடலாம், கால்சராய்தான் இடித்தது. யோசித்துவிட்டு ராயப்பேட்டை தையல்கார பாயிடம் உன்னையும் கால்சராயையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அவர் உன் இடுப்பில் அதைப் பிடித்து வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஐயா கால்சராய்ல இந்த மாதிரி தம்பி ரெண்டு பேரு உள்ள போவாங்க போலகீதே" என்று சிரித்தார். "வெட்டிடட்டா?" என்றார். வெட்டக் கூடாது என்றேன். "அப்ப உள்ளாற மடிச்சி தச்சிடறேன். அப்பால வேணும்னா பிரிச்சிக்கலாம்." பிரித்தால் அடையாளம் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாத இருக்குமா? ஊசி போன எடம் போன எடந்தாம்மா. தடவிப் பாத்தா கைக்குத் தெரியும். ஏன், ஐயா வந்து இன்னா கேக்கப் போறாரு? புள்ள இம்மாம் பெருசா வளந்துட்டானேன்னு குஷியாயிடுவாரு." ஐயா வந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் துணியை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு, நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழி முழுக்க நீ, "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாகப் பசையால் ஓரம் மடித்தேன். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் படங்களை அட்டையில் ஒட்ட நாங்கள் ஜவ்வரிசிப் பசைதான் காய்ச்சுவோம். அது துணிக்கும் பிடிக்கும் என்று தோன்றியது. உன்னை மணைமேல் நிற்கவைத்து, இடுப்பைப் பெல்ட்டால் இறுக்கி, சாக்கட்டியால் குறி வைத்து, மிச்சத்தை உள்ளே திருப்பினேன். ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்சி, பழைய மல் துணியில் வடிகட்டி, விரலால் மெல்லிசாக, விரலின் ரேகை தெரிகிற அளவுக்குத்தான் தடவ வேண்டும். கெட்டியாகத் தடவினால் வெளிப்பக்கம் கசியும். மேலே ஈரத்துணியைப் போட்டு, கொட்டாங்குச்சிக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுக்க வேண்டும்; இழுத்துத் தேய்த்தால் மடிப்பு நகர்ந்துவிடும். ஆவி அடங்கியதும் ஆறும்வரை கனமான எதையாவது ஏற்றி வைக்க வேண்டும். என் பி.ஏ. பாடப் புத்தகங்களைத் தவிர அந்த வீட்டில் கனமானது என்ன இருந்தது? அவற்றை அடுக்கினேன். மறுநாள் நீ மேடையில் நடந்தபோது நான் உன் வசனத்தைக் கேட்கவே இல்லை. உன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பு நின்றது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் அதை விடுவித்து, அலசி, நிழலில் உலர்த்தி, பழைய வாகிலேயே மடித்து வைத்தேன். தடவிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

பிறகு நீ வளர வளர மடிப்பு கீழே கீழே இறங்கிற்று. பேச்சுப் போட்டி, பரீட்சை, யாராவது பெரிய மனிதரைப் பார்க்கப் போவது, எல்லாவற்றுக்கும் அதே கால்சராய். தெருவில் எல்லோரும் என்னைச் சிக்கனக்காரி என்றார்கள். நான் மறுத்ததில்லை. சிக்கனம் என்று சொல்லிக்கொள்வது எளிதாக இருந்தது. காலேஜில் முதல் வருஷம் அந்த ஐப்பசி மழையை நீ மறந்திருக்க மாட்டாய். லஸ்ஸில் டிராமுக்கு நின்றபோது பிடித்துக்கொண்டது. முழங்கால் வரை நனைந்து, ஜவ்வரிசி இளகி, ஒரு கால் மடிப்பு விட்டுப் பூட்ஸின் மேலே வழிந்தது. வெள்ளையாகக் கொழகொழவென்று. உன் சிநேகிதர்கள், "என்னடா சேது, நேத்திப் பாயசம் மிச்சமா? கால்வழியாப் பரிமாறறியே!" என்று டிராம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார்கள். நீ காலேஜுக்குப் போகவில்லை. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தாய். வாசலிலேயே நின்று, "இந்தாத்துல ஊசியே கிடையாதா? நூல் கிடையாதா? உன் ரவிக்கையெல்லாம் எதால தைக்கறே?" என்று கத்தினாய். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நான் உன் காலடியில் உட்கார்ந்து அந்தப் பசையைத் துடைத்தேன். அப்போது நீ குனிந்து என்னைப் பார்த்தாய். அந்த நிமிஷத்தில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உனக்குப் புரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது நீ அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாய். புளியங்கொட்டையைத் தோலெடுத்து இடித்து மாவாக்கிக் காய்ச்சிய பசை. கம்பளி நெய்கிறவர்கள் இதைத்தான் பாவு நூலுக்குப் போடுகிறார்கள், ஜவ்வரிசியைவிடக் கெட்டியாகப் பிடிக்கும், மழைக்கு இவ்வளவு சீக்கிரம் விடாது என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். "ஊசி வேண்டாம்மா. இது போறும்" என்றாய். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. மடிப்பைப் பிரிப்பதும் போடுவதும் உன் வேலையாயிற்று. பசை வாசனைக்குக் கரப்பான் பூச்சி வந்து ஓரத்தை நக்கியபோது, வசம்பைப் பொடித்துப் பசையில் கலக்கக் கண்டுபிடித்ததும் நீதான். உத்தியோகத்துக்குப் பேட்டிக்குப் போன அன்று நீயே இஸ்திரி போட்டுக்கொண்டு, நீயே என் புத்தகங்களை எடுத்து ஏற்றிவைத்தாய். சேது, மற்றவர்களின் பிள்ளைகள் அம்மாவுக்கு வளையலும் புடவையும் வாங்கித் தருவார்கள். எனக்கு நீ புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொடுத்தாய். அதற்கு மேல் ஒரு பிள்ளை எனக்கு என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

மூன்றாவது வீட்டு வெங்குட்டு மாமா பர்மாவிலிருந்து திரும்பி வந்தபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். "மோல்மேன் கடைத்தெருவுலேம்மா. அவராட்டம்தான் இருந்தது. நடை அதே நடை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பலே. ஒருவேளை வேற யாராவது இருக்கலாம். கண்ணு சரியாத் தெரியறதில்லை எனக்கு." நீ அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டாய், எந்தக் கடை, எந்தப் பக்கம் போனார், கூட யாராவது இருந்தார்களா என்று. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: என்ன உடுத்தியிருந்தார்? மாமா சற்று யோசித்து, "அந்த ஊர்க்காரா மாதிரி லுங்கிதான் கட்டிண்டிருந்தார்" என்றார். அவ்வளவு போதும் எனக்கு. அது அவராக இருந்தால், இங்கே பெட்டியில் அந்துருண்டையும் வசம்பும் போட்டு ஒருத்தி காத்துக்கொண்டிருக்கும் துணி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அது அவராக இல்லாவிட்டால், அவருக்கு எந்தத் துணியும் வேண்டாத இடத்துக்குப் போய்விட்டார். இரண்டில் எது நல்லது என்று இத்தனை நாளில் என்னால் சொல்ல முடியவில்லை. சில நாள் முதலாவதை வேண்டிக்கொள்வேன். சில நாள், ஸ்வாமி மன்னிக்கட்டும், இரண்டாவதை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் சொல்ல வேண்டியது ஏதோ இருக்கும் என்று நீ எதிர்பார்ப்பாய். குடித்தனத்தைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? பாதியில் நின்றுபோன குடித்தனம் என்னுடையது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வெளியூருக்குப் போனால், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போ. வர முடியாவிட்டால் அதையும் எழுது. வரவே விருப்பமில்லை என்றால், அதையும் எழுதிவிடு. எதையும் உன் பெண்டாட்டி கையில் கொடுத்து, அப்படியே வைத்திரு என்று மட்டும் சொல்லாதே. பெண்கள் வைத்திருப்பார்கள் சேது. வைத்திருக்கத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குக் கீழே போடத் தெரியாது. படித்ததால் எனக்கு அது வந்துவிடும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பெண்குழந்தைகளுக்கு முன்னால் நின்று, உங்கள் வாழ்க்கை உங்களுடையது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்துருண்டை கரைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாம்பலத்துப் புது வீட்டில் அந்தப் பெண் கமலா என்னிடம் வந்து உட்கார்ந்தாளே, அப்போது என்ன பேசினோம் என்று நீ கேட்டாய். நான் சொல்லவில்லை. அவள் அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. ஆரத்தி எடுக்க நீங்க வரேளா, இல்லே நாங்க வேற யாரையாவது சொல்லி வெச்சுக்கறதான்னு முன்னாடியே தெரிஞ்சா சௌகரியமா இருக்கும்" என்றாள். பொல்லாத மனசு இல்லை. கல்யாண வீட்டுக் கவலை. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமலா சட்டென்று, "மாமி, உங்க காலேஜ் புஸ்தகமெல்லாம் இன்னும் வெச்சிருக்கேளா?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன், துணிமேல் பாரம் ஏற்ற என்றேன். அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கு நான் அம்மிக்கல் தரேன். புஸ்தகத்தை எனக்குக் குடுத்துடுங்கோ" என்றாள். அவள் அம்மா முறைத்தாள். எனக்கோ எத்தனையோ காலத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணை நழுவவிடாதே.

இப்போது இன்று காலை நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ அப்பா உயரத்துக்கு வளரவில்லை. உன் வளர்த்தி நின்று பல வருஷம் ஆகிறது. அவரைவிட ஒரு கையகலம் குறைவு. அதனால் மடிப்பும் கடைசியாக வந்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதே வாகில் பிரித்து, அதே வாகில் ஒட்டி, அதே வாகில் சூடு வைத்தோம். பூட்ஸின் விளிம்பும் அந்த வாகிலேயே உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது. பசை போட்டிருக்கிற வரை ஒன்றும் தெரியவில்லை, பசைதான் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது. இன்று முழுதும் விட்டு, ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது, மடிப்பு இருந்த இடம் முழுக்கக் கோடு போட்டாற்போல் வெளிச்சம் வந்தது. ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினேன். விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஊசி பட்டால் ஓட்டை விழும் என்று பயந்து, ஒரு தையல்கூடப் போடாமல் காப்பாற்றிய துணி. தையல் போட்டிருந்தால் சில பொடி ஓட்டைகளோடு போயிருக்கும். உன் அப்பா இன்று மத்தியானமே வந்து வாசலில் நின்றாலும் இதை அவர் போட்டுக்கொள்ள முடியாது. அழுதேன் என்று எழுதினால் நீ ரயிலேறி வந்துவிடுவாய். அழவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டாய். பாத்திரத்துத் தண்ணீர் சில்லிட்டுப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்று போகவில்லை.

இதற்குமேல் எழுதுவதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குக்கூட. சரி என்று சொல்லப்போகிறேன், சேது. நாந்தியில் முன்னோர்களோடு உன் அப்பா பெயரையும் சொல். அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது; சாகும்வரை தெரியப்போவதும் இல்லை. ஆனால் அவருக்காக வைத்திருந்தது முடிந்துபோயிற்று என்பது இன்று காலை தெரிந்துவிட்டது. நெற்றிக் குங்குமமும் கழுத்துத் திருமாங்கல்யமும் அவரால் வந்தவை, அவரோடு போகட்டும். தலைமயிரும் ரவிக்கையும் அவர் கொடுத்தவை இல்லை. அவற்றை யாரும் தொட நான் சம்மதிக்க மாட்டேன். பத்தாம் நாள் முடிந்த மறுநாளே எப்போதும்போல் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஆரத்திக்கு வேறு யாரையாவது சொல்லிவைத்துக்கொள்ளட்டும், வருத்தமில்லை. ஆனால் உன் கல்யாணத்தில் நான் உள்ளறையில் இருக்க மாட்டேன். முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன். இதை மாம்பலத்துக்கு நேரில் போய்ச் சொல்லப்போவதும் நானே. இதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கினால் என்ன செய்வது என்பது உன் பொறுப்பு. கமலாவை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்யாதே.

நாளைக் காலையில், வெளிச்சம் வந்ததும், இற்றுப்போன வாகோடு கால்சராயை வெட்டிவிடுவேன். பிறகு சாம்பல் நிற நூல் கோத்து, அரை விரலளவு உள்ளே திருப்பி, நானே தைத்துவிடுவேன். உனக்குத் துளி உயரமாக நிற்கும், பூட்ஸுக்கு மேலே யாருக்கும் தெரியாது. எத்தனை மழை பெய்தாலும் இனி விடாது. வெட்டின துண்டுகளில், மவுண்ட் ரோடு தையல்காரர் போட்ட அடி விளிம்பையும் பக்கத் தையலையும் ஒதுக்கிவிட்டால், காலுக்கு இரண்டாகக் கையகலத்தில் நான்கு துண்டு மிஞ்சும். அவற்றை அலசி உலர்த்தி வைத்திருப்பேன். தர்ப்பை உருவத்தின் மேல் அவர்கள் ஏதோ வேஷ்டித் துண்டைச் சுற்றுவார்கள். சுற்றுவதற்கு முன்னால் இவற்றை நீ உள்ளே வைத்துவிடு. வாத்தியார் கவனித்துவிட்டால், தைக்காத புதுத் துணிதான் வைக்கலாம் என்பார். புதிது இல்லை என்று ஒப்புக்கொள். மற்றபடி அதில் இந்நாள்வரை ஓர் ஊசி பட்டதில்லை என்று சொல்.

அம்மா